ஊக்கமருந்துத் தடை: சோதிப்பது யார், தீர்ப்பளிப்பது யார்?

2021 டிசம்பர் 25 அன்று, செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கில் 15 வயது பனிச்சறுக்கு நடன வீராங்கனை கமிலா வலியேவாவிடம் சிறுநீர் மாதிரி எடுத்தார்கள். எடுத்தது ரஷ்யாவின் தேசிய ஊக்கமருந்துத் தடுப்பு அமைப்பு. பரிசோதித்தது ஸ்டாக்ஹோமில் உள்ள ஆய்வகம். டிரைமெட்டாசிடின் என்ற இதயநோய் மருந்து அதில் இருப்பதாக முடிவு வந்தபோது பெய்ஜிங் ஒலிம்பிக்கே தொடங்கிவிட்டது. ரஷ்ய அமைப்பு தற்காலிகத் தடை போட்டது. மறுநாளே அதன் ஒழுங்கு நடவடிக்கைக் குழு தடையை நீக்கியது. பிறகு அதே நாட்டின் தீர்ப்பாயம், அவர் மீது தவறில்லை என்றது. கடைசியில் 2024 ஜனவரியில் சுவிட்சர்லாந்தின் லோசானில் உள்ள விளையாட்டு நடுவர் நீதிமன்றம்தான் 4 ஆண்டுத் தடை விதித்தது.

இவ்வளவுக்கும் நடுவில் உலக ஊக்கமருந்துத் தடுப்பு முகமையான 'வாடா' எங்கே? மேல்முறையீடு செய்தவர்களில் ஒருவராக. அவ்வளவுதான்.

"வாடா தடை விதித்தது" என்று செய்திகளில் படிக்கிறோம். பெரும்பாலும் அது சரியல்ல. வாடா விதிப்புத்தகத்தை எழுதுகிறது, தடை செய்யப்பட்ட மருந்துகளின் பட்டியலை ஆண்டுதோறும் புதுப்பிக்கிறது (புதிய பட்டியல் ஜனவரி 1 முதல் செல்லும்), ஆய்வகங்களுக்கு அங்கீகாரம் தருகிறது. மற்ற அமைப்புகள் ஒழுங்காக வேலை செய்கின்றனவா என்று கண்காணிக்கிறது. ஒரு தீர்ப்பு மென்மையாக இருக்கிறது என்று பட்டால் மேல்முறையீட்டுக்குப் போகிறது. 1998 டூர் டி பிரான்ஸ் சைக்கிள் பந்தயத்தில் ஓர் அணியின் காரில் மருந்துக் குவியல் பிடிபட்ட கூத்துக்குப் பிறகு, 1999-ல் பிறந்த அமைப்பு இது. தலைமையகம் மான்ட்ரியலில். பணத்தில் பாதியைச் சர்வதேச ஒலிம்பிக் கமிட்டியும் மறுபாதியை அரசுகளும் தருகின்றன.

அப்படியானால் மாதிரி கேட்டு வீரரின் கதவைத் தட்டுவது யார்? மூன்று பேரில் ஒருவர். முதலாவது, அந்தந்த நாட்டின் தேசிய ஊக்கமருந்துத் தடுப்பு அமைப்பு. இரண்டாவது, அந்த விளையாட்டின் சர்வதேசக் கூட்டமைப்பு. தடகளத்தில் இந்த வேலைக்கென்றே 2017-ல் தனிப் பிரிவு வந்துவிட்டது. மூன்றாவது, பெரிய போட்டிகளின்போது போட்டியை நடத்துபவர்கள். ஒலிம்பிக் கமிட்டியும் பல கூட்டமைப்புகளும் இந்தப் பொறுப்பை 2018 முதல் இயங்கும் சர்வதேசச் சோதனை முகமையிடம் கொடுத்துவிட்டன. தன் வீரரைத் தானே விசாரிக்கும் சங்கடம் குறையட்டும் என்பதுதான் எண்ணம்.

வாடா விதிகள் எந்த நாட்டின் சட்டமும் அல்ல. கூட்டமைப்புகள் கையெழுத்திட்டு ஏற்கின்றன. அவற்றின் போட்டியில் ஆட வேண்டுமானால் வீரரும் ஏற்றாக வேண்டும். அரசுகள் 2005-ல் உருவான யுனெஸ்கோ உடன்படிக்கை வழியாகத் துணை நிற்கின்றன. கையெழுத்திடாதவர்களும் உண்டு. அமெரிக்காவின் பெரிய கூடைப்பந்து, பேஸ்பால் லீகுகள் வீரர் சங்கங்களுடன் பேசி முடித்த தனி விதிகளின்படி நடக்கின்றன.

சரி, வீரருக்கு என்ன கடமை, என்ன உரிமை? சோதனைப் பட்டியலில் உள்ள முன்னணி வீரர், ஒவ்வொரு நாளும் குறிப்பிட்ட ஒரு மணி நேரம் தான் எங்கே இருப்பார் என்று முன்கூட்டியே தெரிவிக்க வேண்டும். 12 மாதங்களுக்குள் மூன்று முறை தவறினால், ஒரு துளி மருந்து தொடாதவர் மீதும் வழக்கு வரும். கொஞ்சம் கடுமைதான். ஆனால் முன்னறிவிப்பு இல்லாத சோதனைக்கு வேறு வழி எனக்குத் தெரியவில்லை.

உடம்பில் தடைப்பொருள் இருந்தால் பொறுப்பு வீரருடையது. எப்படி வந்தது என்பது பிறகுதான் பேசப்படும். வேண்டுமென்றே எடுத்தது என்றால் பொதுவாக 4 ஆண்டுத் தடை. அப்படி இல்லையென்றால் 2 ஆண்டு, சூழ்நிலையைப் பொறுத்து இன்னும் குறையலாம். ஜிம்மில் விற்கும் பொடி டப்பாவின் லேபிளை நம்பியவர்கள் மாட்டுவது இங்கேதான்.

மாதிரி எடுக்க வரும் அதிகாரியிடம் அடையாள அட்டை கேட்கலாம். கூட ஒருவரை வைத்துக்கொள்ளலாம். குறை இருந்தால் படிவத்திலேயே எழுதலாம். ஆனால் மறுத்துவிட்டு எழுந்து போகக் கூடாது, மறுப்பதும் குற்றம்தான். மாதிரி 'ஏ', 'பி' என இரண்டு பாட்டில்களில் பிரிக்கப்படும். 'ஏ' பாட்டிலில் சிக்கினால் 'பி' பாட்டிலைத் திறந்து பார்க்கச் சொல்லும் உரிமை வீரருக்கு உண்டு. நோய்க்காகத் தடைப்பட்ட மருந்து தேவைப்பட்டால், மருத்துவச் சான்றுகளுடன் விலக்கு கேட்டு விண்ணப்பிக்கலாம். அவசரச் சிகிச்சை போன்ற சூழல் தவிர, அதை மருந்து எடுப்பதற்கு முன்பே வாங்கிவிட வேண்டும். தீர்ப்பு பிடிக்காவிட்டால் சர்வதேச வீரர்கள் லோசான் நீதிமன்றத்துக்குப் போகலாம். அதற்கும் மேலே இருப்பது சுவிட்சர்லாந்தின் உச்ச நீதிமன்றம். அங்கே வழக்கு முழுவதும் மறுபடி நடக்காது, விசாரணை முறையாக நடந்ததா என்பதைத்தான் பெரும்பாலும் பார்ப்பார்கள்.