தங்கூசியை வெட்டுங்கள், இறகை விட்டுவிடுங்கள்

அந்தச் செம்பருந்து ஒரு தெர்மகோல் மீன் பெட்டிக்குள் என்னிடம் வந்து சேர்ந்தது. பாம்பனிலிருந்து பைக்கில் கொண்டுவந்தவர் நாட்டுப்படகு மீனவர். ஐம்பது வயது இருக்கும். கரையில் காயப்போட்டிருந்த வலையில் சிக்கிப் படபடத்துக்கொண்டிருந்ததாம். "பெரும்பாடுபட்டுப் பிரித்தெடுத்தேன் டாக்டர் ஐயா. எலும்பு கிலும்பு ஒடிந்திருக்கிறதா என்று பாருங்கள்" என்றார்.

எலும்பு ஒன்றும் ஒடியவில்லை. தோல் கிழியவில்லை, கண்ணும் தெளிவாக இருந்தது. ஆனால் வலது சிறகின் நுனியில் ஏழு பெரிய இறகுகள் அடியோடு கத்தரிக்கப்பட்டிருந்தன. தங்கூசி, அதாவது வலை பின்னும் நைலான் நரம்பு, அவற்றில் சுற்றிக்கொண்டு பிரிந்து வரவில்லை. வலையோ புதியது, விலை அதிகம். இறகுதானே, நகம்போல முளைத்துவிடும் என்று நினைத்து வெட்டிவிட்டார். அவர்மேல் எனக்குக் கோபம் வரவில்லை. ஒரு நாள் தொழிலை விட்டுவிட்டு அத்தனை தூரம் ஒரு பருந்தைச் சுமந்து வந்த மனிதர் அவர். யாரும் அவருக்குச் சொல்லியிருக்கவில்லை, அவ்வளவுதான். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

நகமும் முடியும் வேரிலிருந்து வளர்ந்துகொண்டே இருக்கும். இறகு அப்படியல்ல. முழு நீளம் வளர்ந்ததும் அதற்கு வரும் இரத்த ஓட்டம் நின்றுவிடுகிறது; அதன் பிறகு அது உயிரற்ற பொருள். பாதியில் வெட்டினால் மீதிக் காம்பு தோலுக்குள் அப்படியே குந்தியிருக்கும். அடுத்த முறை பறவை இறகு உதிர்க்கும்போது அந்தக் காம்பு விழுந்து, பிறகுதான் புதியது முளைக்கும். செம்பருந்து போன்ற பறவையில் எல்லா இறகுகளும் மாறி முடிய ஏறக்குறைய ஓராண்டு ஆகலாம். அதுவரை பறக்க முடியாத பருந்து என்ன செய்யும்? தரையில் அதற்கு நாய் உண்டு, பசி உண்டு.

தமிழில் சிறகு வேறு, இறகு வேறு. சிறகு என்பது கை. இறகு அந்தக் கையில் முளைத்திருப்பது. "இறகு ஒடிந்துவிட்டது" என்று தொலைபேசியில் யாராவது சொன்னால் நான் முதலில் கேட்பது எது ஒடிந்தது என்பதைத்தான். எலும்பு ஒடிந்தால் நல்ல கட்டோடு சில வாரங்களில் கூடிவிடும். ஏழு இறகுகள் போனால் மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டும். கேட்பவர்கள் இதை நம்ப மறுக்கிறார்கள்.

சிறகைக் கை என்று சொன்னது உவமை இல்லை. தோளிலிருந்து முழங்கைவரை ஓர் எலும்பு, அதன் பிறகு இரண்டு, மணிக்கட்டு, பிறகு ஒன்றோடொன்று ஒட்டிக் குறுகிப்போன மூன்று விரல்கள். நம் கையில் இருக்கும் வரிசைதான். வௌவாலும் தன் கையைத்தான் சிறகாக்கியிருக்கிறது, ஆனால் வேறு வழியில்: விரல்களைக் குடைக்கம்பிபோல நீட்டி, அவற்றுக்கிடையே தோலை விரித்துக்கொண்டது. அந்தத் தோலில் சிறு ஓட்டை விழுந்தால் சில வாரங்களில் தானாகவே மூடிக்கொள்ளும். (வௌவாலை வெறுங்கையால் தொடவே கூடாது. மனிதருக்குத் தொற்றும் நோய்க்கிருமிகள் அதனிடம் இருக்கலாம்.) தும்பியின் சிறகு கை அல்ல, உடலின் மேலோட்டிலிருந்து கிளம்புவது. நம் கடலில் துள்ளும் பறவைக்கோலா, மார்புத் துடுப்பை விரித்து மிதந்து செல்கிறதே தவிர, அதைச் சிறகுபோல அடித்துப் பறப்பதில்லை.

பறவைச் சிறகு வேலை செய்வதைப் பார்க்க வேண்டுமானால் பாம்பன் சாலைப் பாலத்தில் கொஞ்ச நேரம் நில்லுங்கள். மற்ற இடங்களில் பருந்தை அண்ணாந்துதான் பார்க்க முடியும். இங்கே அது நம் கண்மட்டத்தில் மிதக்கும், சில சமயம் நமக்குக் கீழேயும். காற்றுக்கு முகம் கொடுத்து அசையாமல் தொங்கும்போது கவனியுங்கள். வேகம் குறையக் குறைய, சிறகின் முன்விளிம்பில், மணிக்கட்டு இருக்கும் இடத்தில், சின்னஞ்சிறு இறகுக் கொத்து ஒன்று மேலே தூக்கிக்கொள்ளும். அது பருந்தின் கட்டைவிரல்.

அதன் பயன் என்ன என்பதைப் பாய் விரித்து ஓடும் மீனவர்களுக்கு நான் எளிதாக விளக்கிவிடுகிறேன். பாயும் நிமிர்த்தி வைத்த ஒரு சிறகுதான். காற்றைச் சரியான சாய்வில் வாங்கினால் வள்ளம் எதிர்க்காற்றிலும் குறுக்கும் நெடுக்குமாக முன்னேறும். சாய்வு மிகையானால் இழுவை செத்துவிடும். சிறகும் காற்றைக் கீழ்நோக்கித் திருப்பிவிடுகிறது, அதற்கு ஈடாக மேலே தூக்கப்படுகிறது. மெதுவாகப் பறக்கச் சிறகை அதிகமாகச் சாய்க்க வேண்டும். ஓர் அளவுக்கு மேல், விமான இறக்கையில் பெரும்பாலும் 15 டிகிரியை ஒட்டி, காற்று மேற்பரப்பைவிட்டுப் பிய்ந்துவிடும், தூக்குவிசை சரியும். கட்டைவிரல் இறகுகள் அந்த நேரத்தில்தான் எழுகின்றன. அவை உண்டாக்கும் இடுக்கு வழியாகப் பாயும் காற்று, மேலே ஓடும் காற்றைச் சிறகோடு ஒட்டவைத்துக்கொள்கிறது. பயணிகள் விமானம் தரையிறங்கும்போது ஜன்னலோரம் அமர்ந்தவர்கள் பார்த்திருப்பார்கள், இறக்கையின் முன்விளிம்பு முன்னோக்கி நழுவி இறங்கும். அதுவும் இதே வேலைதான். செம்பருந்தின் நுனி இறகுகள் விரல்களாகப் பிரிந்து நிற்பதும் சிறகுமுனையில் சுழலும் காற்றால் வீணாகும் ஆற்றலைக் குறைக்கத்தான். விமான இறக்கையின் முனையை மேல்நோக்கி வளைத்திருப்பதும் அதே சுழலைக் கட்டுப்படுத்தவே.

பாம்பன்காரர் வெட்டியது அந்த விரல்களைத்தான்.

எல்லாச் சிறகும் பருந்தின் சிறகுபோல இருக்காது என்பதையும் சொல்ல வேண்டும், ஏனென்றால் தெரியாததால் நல்ல பறவைகளைக் காயம்பட்டவை என்று நினைத்துவிடுகிறோம். நம் இராமநாதபுரம் மாவட்டம் பனைமரக் காடு. பனை ஓலையின் அடிப்புறத்தில் எச்சிலால் பஞ்சையும் இறகையும் ஒட்டிக் கூடு கட்டும் பனை உழவாரன், வாழ்நாளின் பெரும்பகுதியைக் காற்றிலேயே கழிக்கிறது. அரிவாள்போல வளைந்த நீளச் சிறகு. காலோ இருக்கிறதா என்று தேட வேண்டிய அளவு சிறியது. ஓலை வெட்டும்போது கீழே விழுந்துவிட்டால், தரையிலிருந்து எழும்ப அது மிகவும் திணறும். சிறகை விரித்தபடி கிடப்பதைப் பார்த்து ஒடிந்துவிட்டது என்று கயிறு போட்டுக் கட்டி என்னிடம் கொண்டுவந்திருக்கிறார்கள். கட்டை அவிழ்த்து, இரண்டு சிறகும் ஒரே அளவில் அசைகின்றனவா, காயம் இருக்கிறதா என்று பார்ப்பேன். எல்லாம் சரியாக இருந்தால், திறந்த வெளியில் உள்ளங்கையில் வைத்துக் கையை உயரமாக நீட்டினால் போதும், சற்று நேரத்தில் தானே கிளம்பும். வீசி எறியக் கூடாது.

பூநாரைக்கு வேறு சிக்கல். உடல் கனம், சிறகு குறுகல். தண்ணீரில் பல அடி ஓடித்தான் எழும்ப முடியும். ஒவ்வோர் எழும்புதலும் அதற்குப் பெரிய செலவு. தனுஷ்கோடியில் 2025இல் பூநாரைகளுக்காகவே சரணாலயம் அறிவிக்கப்பட்டிருக்கிறது. ஆனாலும் சிறகடிக்கும் படம் வேண்டும் என்று கைதட்டுகிறவர்களையும், டிரோன் அனுப்புகிறவர்களையும் பார்க்கிறேன். தயவுசெய்து செய்யாதீர்கள். கண்டம்விட்டு வரும் பறவைகளும் அதே சேற்றில்தான் அடுத்த பயணத்துக்கான கொழுப்பைச் சேர்த்துக்கொண்டிருக்கின்றன.

வலையிலோ தூண்டில் நரம்பிலோ பறவை சிக்கியிருந்தால், முதலில் ஒரு துணியையோ சாக்கையோ அதன் தலைமேல் போட்டு மூடுங்கள். இருட்டில் அடங்கிவிடும். சிறகுகளை உடலோடு மடித்துப் பிடியுங்கள், ஆனால் மார்பை அழுத்தாதீர்கள். பறவைக்கு நம்மைப்போல உதரவிதானம் கிடையாது. மார்பெலும்பு முன்னும் பின்னும் அசைந்தால்தான் மூச்சு. இறுக்கிப் பிடித்தே கொன்றுவிட்டு, அதிர்ச்சியில் செத்தது என்று வருந்துகிறார்கள். பிறகு தங்கூசியைத் துண்டு துண்டாக வெட்டுங்கள். நகவெட்டி இதற்குக் கத்தியைவிட நல்லது. தோளுக்கும் மணிக்கட்டுக்கும் இடையில், சிறகின் முன்பக்கம் விரியும் மெல்லிய தோலை நரம்பு அறுத்திருக்கிறதா என்று பாருங்கள். அறுத்திருந்தால் இழுக்காமல் அப்படியே கொண்டுவாருங்கள். அந்தத் தோல் சுருங்கிக் கூடினால் சிறகு முழுதாக விரியாது.

சிறகின் மேல்பகுதியில் எலும்பு வெளியே தெரியும் காயம் இருந்தால் தண்ணீர், டெட்டால், மஞ்சள் கரைசல் எதையும் ஊற்றாதீர்கள். பருந்து, கூழைக்கடா போன்ற பல பறவைகளின் மேற்கை எலும்பு உள்ளீடற்றது. மூச்சுக் காற்றுப்பைகளோடு நேரடித் தொடர்புடையது. அங்கே ஊற்றியது மூச்சு வழிக்குள் போய்விடும். வாயிலும் தண்ணீர் புகட்ட வேண்டாம். காற்றோட்டமான அட்டைப்பெட்டியில் வைத்து, கையைச் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு, வனத்துறைக்குச் சொல்லுங்கள். குணமாகும்வரை வீட்டிலேயே வளர்க்கலாம் என்ற எண்ணம் வேண்டாம். 1972ஆம் ஆண்டின் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டம் அதற்கு இடம் தரவில்லை.

இன்னொன்று. உச்சிப்புளியில் இருக்கும் கடற்படை விமானத் தளத்தின் பெயரே ஐஎன்எஸ் பருந்து. மீன்கழிவையும் கோழிக்கழிவையும் சாலையோரம் கொட்டினால் உண்மையான பருந்துகள் அந்த வானத்தில் கூடும். அரைக் கிலோ பறவைதான், ஆனால் மோதலின் ஆற்றல் வேகத்தின் வர்க்கப்படி ஏறுகிறது; வேகம் இரட்டித்தால் ஆற்றல் நான்கு மடங்கு. 2009 ஜனவரியில் நியூயார்க்கில் வாத்துக் கூட்டம் மோதி ஒரு விமானத்தின் இரு எந்திரங்களும் செயலிழந்து, அது ஆற்றில் இறங்க நேர்ந்தது. விமானத் தளத்திலிருந்து 10 கிலோமீட்டருக்குள் பறவைகளை ஈர்க்கும் கழிவைக் கொட்டக் கூடாது என்று 1937ஆம் ஆண்டின் விமான விதிகளே சொல்கின்றன. குப்பையைப் புதைத்தால் விமானத்துக்கும் நல்லது, பருந்துக்கும் நல்லது.

அந்தச் செம்பருந்துக்கு என்ன ஆயிற்று? பழைய வேட்டைப் பருந்து வளர்ப்பாளர்களின் முறை ஒன்று உண்டு. வெட்டுப்பட்ட காம்பின் குழலுக்குள் மெல்லிய மூங்கில் சீவலைச் செருகி, வேறோர் இறகை ஒட்டுவது. இறந்துபோன இன்னொரு செம்பருந்தின் இறகுகளை வனத்துறையினர் கொடுத்து உதவினார்கள். வலச் சிறகுக்கு வலச் சிறகின் இறகு, மூன்றாவதற்கு மூன்றாவது. இடம் மாறினால் காற்று பிடிக்காது. ஒரு பிற்பகல் முழுவதும் ஆயிற்று. இரண்டு மறுநாளே கழன்று விழுந்தன, மறுபடி ஒட்டினேன். பதினோராம் நாள் குந்துகால் கரையில் பெட்டியைத் திறந்தபோது, தாழ்வாக, வலப்பக்கம் கொஞ்சம் சரிந்தபடியே போய், ஒரு படகின் கொடிக்கம்பத்தில் உட்கார்ந்தது. அரைமணி நேரம் அலகால் ஒட்டு இறகுகளைக் கோதியது. பிறகு எழுந்து, வட்டமிட்டு, மேலே ஏறியது.

பாம்பன்காரர் நான்கு மாதம் கழித்து ஒரு காலை தொலைபேசியில் அழைத்தார். வலையில் கடற்காகம் ஒன்று மாட்டியதாம். துண்டைப் போட்டு மூடி, நகவெட்டியால் நரம்பை நறுக்கி, அட்டைப்பெட்டியில் வைத்திருக்கிறார். என்னிடம் கொண்டுவரலாம் என்று பெட்டியைத் தூக்கிக்கொண்டு வண்டிக்கு நடந்தபோது மூடி திறந்துகொண்டதாம்.

"வலையில் இரண்டு கண்ணிதான் போயிற்று ஐயா. அது பறந்துவிட்டது" என்றார்.