இரவுச் சாலையில் ஓட்டுநரின் கண்ணுக்கு எது தெரிகிறது?

மணிக்கு 80 கி.மீ. வேகத்தில் செல்லும் கார் ஒரு வினாடியில் 22 மீட்டரைக் கடக்கிறது. ஆபத்தைக் கண்டு பிரேக்கை மிதிக்க ஒன்றரை வினாடி ஆனால், காய்ந்த சாலையிலும் கார் நிற்பதற்குள் ஏறத்தாழ 70 மீட்டர் ஓடியிருக்கும். கருநிற ஆடை அணிந்தவரை லோ பீம் (ஹெட்லைட்டின் தாழ்ந்த ஒளி) வெளிச்சத்தில் அவ்வளவு தொலைவிலிருந்து காண்பது அரிது. தெருவிளக்கு தேவைப்படுவது இதனால்தான்.

ஆனால் வெளிச்சம் மட்டும் போதாது. ஒரு பொருளுக்கும் அதன் பின்னணிக்கும் இடையே ஒளிர்வில் வேறுபாடு இருந்தால்தான் அது கண்ணில் படும். தெருவிளக்குகள் பெரும்பாலும் சாலைப் பரப்பை ஒளிரச் செய்வதால், அதன் முன்னே நிற்கும் பாதசாரி கரிய நிழலுருவாகத் தெரிகிறார். ஹெட்லைட்டோ அவரது முன்பக்கத்தில் ஒளியைப் பாய்ச்சி, பின்னணியைவிட வெளிச்சமாகக் காட்டுகிறது. இவ்விரண்டும் சேரும்போது, ஏதோ ஒரு தொலைவில் அவரது ஆடையின் ஒளிர்வும் சாலையின் ஒளிர்வும் சமமாகிவிடக்கூடும். அப்போது, விளக்குகள் எரிந்துகொண்டிருந்தும், அவர் பின்னணியோடு கலந்து மறைந்துபோகிறார். நடுச்சாலையில் ஒரு மனிதர் இப்படி மறைவது மிகக் கொடிய நிலை. எனவே பாதசாரிகள் கடக்கும் இடத்தில் விளக்குக் கம்பத்தை அதற்கு நேராக நடாமல், வாகனம் வரும் பக்கமாகச் சற்று முன்னதாக நட்டு, கடப்பவரின் முன்பக்கத்தில் ஒளி விழச் செய்வதே நல்லது.

ஒளியின் நிறத்துக்கும் இதில் பங்கு உண்டு. விளக்கிட்ட சாலையின் ஒளிர்வு பொதுவாகச் சதுர மீட்டருக்கு 0.5 முதல் 2 கேண்டெலா (ஒளிச்செறிவின் அலகு) வரை இருக்கும். இந்த அரையிருளில் விழித்திரையில் நல்ல வெளிச்சத்தில் பார்க்க உதவும் கூம்பு செல்களும் மங்கிய ஒளியில் உதவும் குச்சி செல்களும் சேர்ந்தே இயங்குகின்றன. பார்வையின் நடுமையத்தில் குச்சி செல்கள் இல்லை; அதைச் சுற்றிய ஓரப்பார்வையில்தான் உள்ளன. ஓரத்திலிருந்து சாலையில் இறங்கும் சிறுவனை முதலில் உணர்வதில் அவற்றுக்குப் பெரும் பங்கு உண்டு. அவை 507 நானோமீட்டர் அலைநீளத்தை ஒட்டிய நீலப்பச்சை ஒளிக்கே மிகக் கூர்மையாக வினைபுரிவதால், மஞ்சள் சோடியம் விளக்கைவிட வெள்ளை எல்இடி ஓரப்பார்வைக்குச் சற்று உதவுகிறது. நேராகப் பார்ப்பதில் அந்த ஆதாயம் இல்லை. ஒளிர்வு கூடக் கூட ஓரப்பார்வையிலும் அது குறைந்துவிடும்.

மறைப்பில்லாத எல்இடியால் உண்டாகும் கண்கூச்சம் இந்த ஆதாயத்தையும் அழித்துவிடும். கண்ணுக்குள் சிதறும் ஒளி விழித்திரையின் மேல் வெண்திரைபோல் படர்ந்து, வேறுபாட்டை மங்கச் செய்கிறது. வயது ஏற ஏற இச்சிதறல் கூடுகிறது. வாட் கணக்கை மட்டும் பார்த்து விளக்குகளை மாற்றுவோர், ஒளி ஓட்டுநரின் கண்ணை நோக்கிப் பாயாதபடி விளக்கின் மறைப்பும் சாய்வும் அமைந்துள்ளனவா என்பதையும் இரவில் சாலையில் நின்று பார்த்தாக வேண்டும்.