காரமாக்கும் உணவு: சாம்பலில் பிறந்த ஒரு சொல்

எலுமிச்சைச் சாற்றின் பி.எச். அளவு ஏறக்குறைய 2. (பி.எச். 7க்குக் கீழே போனால் அமிலம், மேலே போனால் காரம்.) நாக்கில் ஒரு சொட்டு பட்டாலே கண் சுருங்கிவிடும். அந்த எலுமிச்சையைத்தான், அமிலத்துக்கு எதிரான காரத்தை உடலுக்குத் தருவதாகச் சொல்லும் ‘ஆல்கலைன் உணவு’ப் பட்டியல்களில் முதல் வரிசையில் வைக்கிறார்கள். சிலர் அப்படியே நம்பிக் காலையில் குடிக்கத் தொடங்குகிறார்கள். சிலர், அமிலம் எப்படிக் காரமாகும், சுத்தப் பொய் என்று ஒதுக்குகிறார்கள். இரண்டு தரப்பும் தடுக்கி விழுவது ஒரே சொல்லில்தான்.

‘ஆல்கலி’ அரபுச் சொல். ‘அல்’ என்பது ஆல்கஹால், அல்ஜீப்ரா ஆகியவற்றின் தலையில் நிற்கும் அதே அரபு முன்னொட்டு. ‘கலி’ என்றால் உப்புநிலத்தில் வளரும் செடிகளை எரித்து எடுத்த சாம்பல். வறுத்தல் என்ற பொருள் தரும் வேரிலிருந்து வந்தது என்பார்கள். அந்தச் சாம்பலை நீரில் கரைத்து வடித்து, கொழுப்போடு காய்ச்சிச் சோப்பு செய்தார்கள்; மணலோடு உருக்கிக் கண்ணாடி செய்தார்கள். பொட்டாசியத்துக்கு ‘கே’ என்ற குறியீடு வந்ததும் இந்தக் ‘கலி’யிலிருந்துதான். அதன் லத்தீன் பெயர் கலியம். ஆங்கில வேதியியலாளர் ஹம்ப்ரி டேவி 1807இல் அந்த உலோகத்தைப் பிரித்தெடுத்ததும் சாம்பலுப்பிலிருந்து கிடைக்கும் எரிகாரத்தில் மின்சாரம் பாய்ச்சித்தான்.

சரி, ஆல்கலிக்கு நாம் சொல்லும் ‘காரம்’? இதை வடமொழி ‘க்ஷார’த்தோடு இணைத்துச் சொல்வது வழக்கம். சுசுருத சம்ஹிதையில் க்ஷாரம் செய்யும் முறை விரிவாகவே இருக்கிறது: செடியை எரி, சாம்பலை நீரில் கரை, வடிகட்டு, காய்ச்சு. அரபு வழியிலும் வடமொழி வழியிலும் தேடிப் போனால் இரண்டும் போய் நிற்பது சாம்பல் குவியலின் முன்னால். இதை முதலில் கவனித்தபோது எனக்கு மிகுந்த மகிழ்ச்சி. எலுமிச்சைப் புதிருக்கு விடையும் அதே சாம்பலில்தான் கிடக்கிறது.

‘அமிலம்’ வேறு வழியில் வந்தது. வடமொழி ‘அம்ல’த்துக்குப் புளிப்பு என்று பொருள். ஆங்கிலச் சொல்லான ‘ஆசிட்’டின் லத்தீன் மூலத்துக்கும் அதே பொருள்தான். ‘திராவகம்’ என்ற பழைய சொல், கரைக்கும் தன்மையை வைத்து வந்தது. தனித்தமிழில் ‘புளியம்’, ‘காடி’ என்றும் எழுதுகிறார்கள். ஆக, அமிலத்துக்குப் பெயர் வைத்தது நாக்கு, காரத்துக்குப் பெயர் வைத்தது நெருப்பு. இந்த வேறுபாட்டை மனதில் வைத்துக்கொண்டால் இனி வருவது எளிது.

நான் ஒருமுறை செய்து பார்த்தேன். லிட்மஸ் தாள் அமிலத்தில் சிவக்கும், காரத்தில் நீலமாகும். எலுமிச்சைத் துண்டு ஒன்றின் மேல் நீல லிட்மஸ் தாளை ஒற்றினேன், உடனே சிவந்தது. இன்னொரு துண்டை நன்றாக உலர்த்தி, கரி போய் வெளுத்த சாம்பலாகும்வரை எரித்தேன். கிடைத்தது ஒரு சிட்டிகைதான். அதில் நாலு சொட்டு நீர் விட்டு, சிவப்பு லிட்மஸ் தாளை நனைத்தேன். தாளின் ஓரத்திலிருந்து நீலம் ஏறியது. அதே பழம்தான். புளிப்பாக இருந்த சிட்ரிக் அமிலம் எரிந்து, கரியமில வாயுவாகவும் நீராவியாகவும் போய்விட்டது. எரியாத பொட்டாசியமும் கால்சியமும் கார உப்புகளாகத் தங்கிவிட்டன.

உடம்புக்குள்ளும் ஏறக்குறைய இதுதான் நடக்கிறது, தீ மட்டும் இல்லை. சிட்ரிக் அமிலம் செல்களுக்குப் புதிய விருந்தாளி அல்ல. 1937இல் ஹான்ஸ் கிரெப்ஸ் விளக்கிய சிட்ரிக் அமிலச் சுழற்சியில் அது ஓயாமல் உருவாகி, ஓயாமல் உடைகிறது. பழத்தில் அமிலத்தின் ஒரு பகுதி பொட்டாசியத்தோடு சேர்ந்து சிட்ரேட் உப்பாக இருக்கும். அந்த உப்பு உடையும்போது பைகார்பனேட் என்ற கார உப்பு மிஞ்சுகிறது. காரம் வருவது இந்த உப்பால்தான், புளிப்பால் அல்ல. வெறும் சிட்ரிக் அமிலத் தூளைக் கரைத்துக் குடித்தால், எரிந்து போன பிறகு காரமாகச் சொல்லிக்கொள்ள எதுவும் மிஞ்சாது.

ஷெர்மன், கெட்லர் என்ற இருவர் 1912இலேயே உணவுகளின் சாம்பலில் மிஞ்சும் தனிமங்களைக் கணக்கிட்டு, அமிலம் உண்டாக்குபவை, காரம் உண்டாக்குபவை என்று பிரித்தார்கள். ரெமர், மான்ஸ் இருவரும் 1995இல் சிறுநீரகத்துக்கு ஒவ்வொரு உணவும் எவ்வளவு அமிலச் சுமை தரும் என்று அட்டவணை போட்டார்கள். அதில் எலுமிச்சைச் சாறு கழித்தல் குறியோடு, அதாவது காரப் பக்கம் நிற்கிறது. உலர்திராட்சையும் பசலைக்கீரையும் அதைவிட வெகுதூரம் அந்தப் பக்கம். நாக்குக்குத் துளியும் புளிக்காத இறைச்சி அமிலப் பக்கம், ஏனென்றால் புரதத்தில் உள்ள கந்தகம் உடம்பில் கந்தக அமிலமாக முடிகிறது.

இனிமேல்தான் முக்கியமான இடம். ‘உடலைக் காரமாக்கும்’ என்று எழுதுகிறார்களே, உடலில் எதை? இரத்தத்தையா? இரத்தத்தின் பி.எச். 7.35க்கும் 7.45க்கும் நடுவில் நிற்கிறது. நுரையீரலும் சிறுநீரகமும் அதை அங்கேயே பிடித்து வைத்திருக்கின்றன. எத்தனை எலுமிச்சை பிழிந்தாலும் அது நகராது. நகர்ந்தால் அது நலம் அல்ல, நோய். இரைப்பையையா? அங்கே உள்ள அமிலம் எலுமிச்சையைவிடக் கடுமையானது. உணவுக்கு ஏற்ப உண்மையில் மாறுவது சிறுநீர்தான்; அது 4.5இலிருந்து 8 வரை ஏறி இறங்கும். சிலவகைச் சிறுநீரகக் கற்களுக்கு மருத்துவர்கள் பொட்டாசியம் சிட்ரேட் கொடுப்பது இந்த வழியைப் பயன்படுத்தித்தான். இதை வைத்து, இரத்தத்தைக் காரமாக்கிப் புற்றுநோயை விரட்டலாம் என்று சொல்வது பெரிய தவறு. நம்பிச் சிகிச்சையைத் தள்ளிப்போடுகிறவர்களை நினைத்தால் பதைக்கிறது.

எல்லாப் புளிப்பும் இப்படி மாறாது. கிரான்பெர்ரியில் உள்ள சில அமிலங்களை உடம்பு முழுதாக எரிப்பதில்லை. அவை ஹிப்யூரிக் அமிலமாகச் சிறுநீரில் இறங்கும். கோலா பானங்களில் உள்ள பாஸ்பாரிக் அமிலத்துக்கும் எரிந்து மறையும் வழி கிடையாது. வினிகரில் அசிட்டிக் அமிலம் எரிந்துவிடும், பொட்டாசியம் கொஞ்சம்தான், அதனால் பெரிதாக இந்தப் பக்கமும் இல்லை, அந்தப் பக்கமும் இல்லை.

அப்புறம், பல்லுக்கு எலுமிச்சை எப்போதும் அமிலம்தான். பி.எச். 5.5க்குக் கீழே எனாமல் கரையத் தொடங்கும். ‘அசிடிட்டி’ என்று நாம் சொல்லும் நெஞ்செரிச்சல் உள்ளவருக்கும் அப்படித்தான். ‘ஆல்கலைன்’ என்ற பெயரை நம்பி வெறும் வயிற்றில் குடித்தால் எரிச்சல் கூடலாம்.

தமிழில் என்ன எழுதலாம்? ‘கார உணவு’ வேண்டாம், மிளகாய்தான் நினைவுக்கு வரும். மிளகாயின் எரிவுக்கும் வேதியியல் காரத்துக்கும் உறவே இல்லை. ‘காரத்தன்மை உள்ள உணவு’ என்பது எலுமிச்சைக்குப் பொய். அதன் தன்மை அமிலம். பாடநூலின் ‘எரிகாரம்’ நீரில் கரையும் காரத்துக்கு உரிய பெயர், உணவோடு ஒட்டாது. ‘காரமாக்கும்’ என்பது சரியான சொல், ஆனால் அது செயப்படுபொருள் கேட்கும் வினை. அதைக் கொடுத்தே எழுதவேண்டும்: ‘சிறுநீரைக் காரமாக்கும் உணவு’. பெயராகச் சுருக்கவேண்டுமானால் ‘காரம் எஞ்சும் உணவு’ என்பேன். ‘எஞ்சும்’ என்ற சொல்லில் அந்த ஒரு சிட்டிகைச் சாம்பல் இருக்கிறது.