எக்ஸ்பைரி தேதி பவுடருக்குத்தான்!

"போன மாசம் வாங்கினது பாதி அப்படியே இருக்கு, எக்ஸ்பைரி அடுத்த வருஷம்தான், கொடுக்கலாமா?" பவுடராக வாங்கித் தண்ணீர் ஊற்றிக் கலக்கும், குழந்தைகளுக்கான அமாக்ஸிசிலின்-கிளாவுலனேட் என்ற ஆன்டிபயாட்டிக் சிரப் பற்றிய இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லிச் சொல்லி அலுத்துவிட்டது. கொடுக்கக் கூடாது.

பாட்டிலில் அச்சடித்த தேதி, திறக்காத உலர்ந்த பவுடருக்கு உரியது. தண்ணீர் ஊற்றிய நிமிடமே அது செல்லாது. இதிலுள்ள இரண்டு மருந்துகளில் ஒன்றான கிளாவுலனேட் ஈரம் பட்டால் சிதையத் தொடங்கிவிடும். ஃப்ரிட்ஜில் 2 முதல் 8 டிகிரியில் வைத்தாலும் பெரும்பாலான தயாரிப்புகளுக்கு ஆயுள் 7 நாள், சிலவற்றுக்கு 10 நாள். லேபிளில் பொடி எழுத்தில் போட்டிருப்பார்கள், யார் படிக்கிறார்கள்! வீரியம் போன மருந்து பார்வைக்குப் புதுசு போலவே இருக்கலாம். மோந்து பார்த்து, "நல்லாத்தானே இருக்கு" என்று ஊற்றிக் கொடுக்காதீர்கள். ஃப்ரீசரில் வைத்தால் நாள் தாங்கும் என்பதும் தப்பு. கலக்கிய தேதியைப் பேனாவால் லேபிளிலேயே எழுதிவிடுங்கள்.

கலக்குவதிலும் கோட்டை விடுகிறார்கள். மூடியைத் திறக்கும் முன் பாட்டிலைத் தட்டிப் பவுடரை உதிர்க்க வேண்டும். கொதிக்க வைத்து நன்றாக ஆறிய தண்ணீரைப் பாட்டிலில் உள்ள அளவுக் குறிக்குச் சற்றுக் கீழே வரை ஊற்றிக் குலுக்குங்கள். நுரை அடங்க 5 நிமிடம் விட்டால் மட்டம் இறங்கியிருக்கும். குறி வரை மறுபடி ஊற்றி, மறுபடி குலுக்குங்கள். இந்த இரண்டாவது ஊற்றலை விட்டால் மருந்து கெட்டியாகி டோஸ் கூடிவிடும். ஒவ்வொரு வேளையும் குலுக்காவிட்டால் முதல் டோஸ்கள் நீர்த்தும் கடைசி டோஸ்கள் கெட்டியாகவும் போகும்.

அடுத்தது, பாட்டில் காலியானால் கோர்ஸ் முடிந்தது என்ற நினைப்பு. வேளைக்கு 5 மி.லி., தினம் 2 வேளை, 5 நாள் என்றால் மொத்தம் 50 மி.லி. வேண்டும். 30 மி.லி. பாட்டில் மூன்றாம் நாள் இரவே தீர்ந்துவிடும். இரண்டாவது பாட்டிலை முதல் நாளே வாங்கி வையுங்கள். முதலாவது முடிந்த பிறகு கலக்கினால் போதும்.

வாங்கும்போது மி.கி. அளவைப் பாருங்கள். 5 மி.லி.யில் 228.5 மி.கி. உள்ளதும் உண்டு, 457 மி.கி. உள்ளதும் உண்டு. பெயர் ஒன்றுதான், மருந்து இரட்டிப்பு. டாக்டர் குழந்தையின் எடைக்குக் கணக்குப் போட்டு எழுதியிருப்பார். அண்ணனுக்கு எழுதியதைத் தங்கைக்குக் கொடுக்க முடியாது. சமையலறை ஸ்பூன் வேண்டாம், சிரிஞ்சிலோ அளவு மூடியிலோ அளந்து கொடுங்கள். பால் புட்டியில் கலக்காதீர்கள். குழந்தை பாதியில் தள்ளிவிட்டால் எவ்வளவு உள்ளே போனது என்று யாருக்குத் தெரியும்? சாப்பிடத் தொடங்கும்போது கொடுத்தால் வயிற்றைப் புரட்டுவது குறையும்.

கொஞ்சம் வயிற்றுப்போக்கு சகஜம். தண்ணீர் தண்ணீராகப் பல முறை போனாலோ, ரத்தம் கலந்திருந்தாலோ டாக்டரிடம் காட்டுங்கள். உடம்பில் தடிப்பு, முகம் வீங்குவது, மூச்சுத் திணறல் என்றால் அடுத்த டோஸ் கொடுக்காமல் உடனே ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள். இதுவும் பெனிசிலின் வகைதான்; பெனிசிலின் ஒத்துக்கொள்ளாது என்று முன்பே தெரிந்தால், மருந்து எழுதும் முன் வாய் திறந்து சொல்லுங்கள், தயவுசெய்து. சாதாரணச் சளிக்கு இது வேலையே செய்யாது. அதை இன்னொரு முறை விளக்க எனக்குத் தெம்பில்லை.

இப்போது ஃப்ரிட்ஜைத் திறந்து பாருங்கள். தேதி எழுதாத பாட்டில் ஏதாவது நிற்கிறதா? பழைய மருந்தைத் திரும்ப வாங்கும் இடம் இருந்தால் அங்கே கொடுங்கள். இல்லாவிட்டால் மண்ணோடு கலந்து, பையில் இறுக்கிக் கட்டிக் குப்பையில் போடுங்கள். சிங்க்கில் மட்டும் ஊற்றாதீர்கள்.