கூர்ப்பு: சொல் விளக்கம்

உயிரினங்கள் தலைமுறை தலைமுறையாக மாறிவருவது, இலங்கையின் வன்னிப் பள்ளிக்கூடங்களில் உயிரியல் படிப்பவருக்குக் ‘கூர்ப்பு’. தமிழ்நாட்டுப் பாடநூலில் ‘பரிணாமம்’. பரிணாமம் வடசொல், உருமாற்றம் என்று பொருள். ‘evolution’ என்ற ஆங்கிலச் சொல்லின் வேர் லத்தீன்: சுருட்டி வைத்ததை விரித்தல். டார்வின் 1859இல் வெளியிட்ட ‘உயிரினங்களின் தோற்றம்’ நூலின் முதற்பதிப்பில் அந்தப் பெயர்ச்சொல் கிடையாது. அதன் வினை மட்டும் நூலின் கடைசிச் சொல்லாக நிற்கிறது.

கூர்ப்பு பழஞ்சொல். ‘கூர்ப்பும் கழிவும் உள்ளது சிறக்கும்’ என்பது தொல்காப்பிய உரியியல்: ஏற்கெனவே உள்ளது மிகுதலே இரு சொல்லுக்கும் பொருள். கத்தியின் கூரை நினைத்துக்கொண்டு, மட்டமான உயிர் மேலானதாவதே கூர்ப்பு என்று மாணவர் எழுதுவது பிழை. அந்த நூற்பாவில் உயிரியலுக்கு உதவும் சொல் ‘உள்ளது’. இருக்கிற உறுப்புத்தான் திருத்தப்படுகிறது.

ஆட்டின் முன்னங்கால் ஒன்று இதற்குப் போதும். குளம்புக்கு மேலுள்ள நீண்ட எலும்பைத் தசைநார் கழலும்வரை அவித்துச் சுரண்டிப் பாருங்கள். முன்பக்க நடுவில் மெல்லிய பள்ளக்கோடு ஓடும். கீழ்முனை இரண்டு கப்பிகளாகப் பிரிந்திருக்கும். நமது உள்ளங்கையில் நடுவிரலுக்கும் மோதிரவிரலுக்கும் உரிய இரண்டு எலும்புகள் ஆட்டில் ஒட்டி ஒன்றானதன் தழும்பு அது. படுக்கும்போது ஆடு முன்னே மடிக்கும் ‘முழங்கால்’ உண்மையில் மணிக்கட்டு.

இப்படி ஒரே மூல அமைப்பிலிருந்து வந்தவை அமைப்பொத்த அங்கங்கள். 1843இல் இதை வரையறுத்த ஆங்கிலேய உடற்கூற்றியலாளர் ரிச்சர்ட் ஓவன், டார்வின் சொன்ன இயற்கைத் தேர்வை ஏற்காதவர் என்பது வேடிக்கை. மூலம் வேறாக, வேலை மட்டும் ஒன்றானால் தொழிலொத்த அங்கம்: வௌவால் சிறகும் தும்பிச் சிறகும். முன்னது விரல்களுக்கிடையே விரிந்த தோல், பின்னதில் எலும்பே இல்லை. பரீட்சையில் வௌவால் சிறகையும் கொக்குச் சிறகையும் ஒப்பிடக் கேட்டால்தான் சிக்கல். முன்னவயவம் (முன்னங்கால் அல்லது கை) என்ற அளவில் அவை அமைப்பொத்தவை. சிறகு என்ற அளவில் தொழிலொத்தவை, ஏனெனில் பறத்தல் இரண்டிலும் தனித்தனியே தோன்றியது. எந்த அளவில் ஒப்பிடுகிறோம் என்று எழுதாத விடை அரைவிடை.

கூர்ப்பில் இழப்பும் உண்டு. வெங்கிணாந்தி என்ற மலைப்பாம்பின் கழிவுத்துளைக்கு இருபுறமும் சிறு முள் போன்ற நகம் தெரியும். உள்ளே தேய்ந்த தொடையெலும்பும் இடுப்பெலும்பும் இருக்கின்றன. இது எச்ச உறுப்பு. எச்சம் என்றால் பயனற்றது என்று எழுதிவிடக் கூடாது: இணைசேரும்போது ஆண் பாம்பு அந்த நகத்தால் பெண்ணை வருடுகிறது.