பட்டறையில் வண்டியை விடும்போது என்ன சொல்ல வேண்டும்?

"வண்டி ஒரு மாதிரி இருக்குதுங்க, பாத்து வைங்க, சாயங்காலம் வந்து எடுத்துக்கறேன்." கோவை, திருப்பூர், ஈரோடு பக்கத்துப் பட்டறைகளில் காலை நேரத்தில் அதிகம் காதில் விழும் பேச்சு இது. சாவியைக் கொடுத்துவிட்டு ஆள் போய்விடுவார். அந்த 'ஒரு மாதிரி' என்னவென்று தேடுவதிலேயே மெக்கானிக்குக்கு அரை நாள் போய்விடும். பிடிபடவில்லை என்றால் சந்தேகப்பட்ட சாமானை மாற்றிப் பார்ப்பார். பில் ஏறும், அடுத்த வாரம் அதே சத்தம் திரும்ப வரும். பட்டறைக்காரர் ஏமாற்றிவிட்டார் என்ற மனக்கசப்பு பெரும்பாலும் இப்படித்தான் தொடங்குகிறது. ஏமாற்றுகிற பட்டறைகளும் உண்டு, மறுக்கவில்லை. ஆனால் தகவல் இல்லாமல் கெட்டுப்போன வேலைகள் அதைவிட அதிகம்.

மெக்கானிக்கிடம் நோயைச் சொல்லுங்கள், மருந்தைச் சொல்லாதீர்கள். "பிரேக் பேடு மாத்திருங்க" என்று சொன்னால் அவர் மாற்றிவிடுவார். கோளாறு பேடில் இல்லை என்றாலும் நீங்கள் கேட்ட வேலை முடிந்தது என்றுதான் கணக்கு. அதற்குப் பதிலாக எந்த வேகத்தில், எந்த கியரில், இன்ஜின் சூடாகும் முன்பா சூடான பின்பா, பிரேக் மிதித்தபோதா மிதிக்காதபோதா என்று சொல்லுங்கள். 80க்கு மேல் போகும்போது பிரேக் மிதிக்காமலேயே ஸ்டீயரிங் உதறினால் முதலில் வீல் பேலன்சிங்கைப் பார்ப்பார்கள். பிரேக் மிதித்தால் மட்டும் உதறினால், முன் சக்கரத்தில் பேடு கவ்விப் பிடிக்கும் டிஸ்க் ஒரே கனமாகத் தேயவில்லை என்று அர்த்தம். ஸ்டீயரிங்கை முழுக்க ஒடித்துத் திரும்பும்போது 'டக் டக்' என்று வந்தால் ஆக்சில் ஜாயிண்ட். ஸ்பீடு பிரேக்கரில் ஏறி இறங்கும்போது மட்டும் தட்டினால் லிங்க் ராட் அல்லது லோயர் ஆர்ம் புஷ். வேகம் கூடக் கூட ஒரு இரைச்சல் கூடி, வளைவில் அது மாறினால் வீல் பேரிங். வளைவில் மாறாமல் ஒரே சீராக இருந்தால் டயர் ஏற்றத்தாழ்வாகத் தேய்ந்திருக்கலாம். இவ்வளவையும் நீங்கள் மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை. எப்போது வருகிறது, எப்போது வருவதில்லை என்று நான்கு வரி எழுதிக்கொண்டு வந்தால் போதும். சத்தத்தை செல்போனில் பதிவு செய்து வாட்ஸ்அப்பில் அனுப்பினால் இன்னும் நல்லது. அதைவிட நல்லது, மெக்கானிக்கைப் பக்கத்தில் உட்கார வைத்து இரண்டு கிலோமீட்டர் ஓட்டிக் காட்டுவது.

நம் பக்கத்தில் இந்த விவரம் உயிரைக் காக்கிற அளவுக்கு முக்கியமாகிற இடம் மலைப்பாதை. திம்பத்தில் 27 கொண்டை ஊசி வளைவுகள், ஆழியாறிலிருந்து வால்பாறைக்கு 40, கொல்லிமலைக்கு 70. இறங்கும்போது பிரேக் சரியாகப் பிடிக்கவில்லை, அடிவாரத்தில் கொஞ்ச நேரம் நிறுத்தி டீ குடித்தபின் சரியாகிவிட்டது என்று பலர் சொல்வதுண்டு. மறுநாள் பட்டறையில் பார்த்தால் பிரேக் கச்சிதமாக இருக்கும். வண்டி ஆறிப்போனதால் கோளாறும் மறைந்துவிட்டது! இந்த இடத்தில் ஒரே ஒரு கேள்விக்கு நீங்கள் பதில் சொல்ல வேண்டும்: பெடல் கால் அழுத்தத்துக்கு உள்ளே இறங்கியதா, கல் மாதிரி நின்றதா?

பெடல் பஞ்சு மாதிரி உள்ளே போயிருந்தால் பிரேக் ஆயில் கொதித்திருக்கிறது. பிரேக் ஆயில் காற்றிலிருக்கும் ஈரத்தை உறிஞ்சும் தன்மை கொண்டது. டாட் 4 என்ற ரகத்தில் புதிய ஆயில் கொதிக்கக் குறைந்தது 230 டிகிரி வேண்டும். ஈரம் ஏறிய பின் அதற்கான குறைந்தபட்ச வரம்பே 155 டிகிரிதான். டாட் 3 ரகம் என்றால் புதிதில் 205, ஈரம் ஏறிய பின் 140. கொதித்தால் குழாயில் ஆவிக் குமிழ் உண்டாகும், குமிழ் அமுங்கும், பெடல் இறங்கும். மருந்து, ஆயிலை முழுவதும் மாற்றி நான்கு சக்கரத்திலும் காற்று எடுப்பது. சிறிய காருக்கு அரை லிட்டர் முதல் ஒரு லிட்டர் வரை பிடிக்கும். பெடல் கெட்டியாக நின்றும் வண்டி நிற்கவில்லை என்றால் பேடு சூடேறிப் பிடிமானத்தை இழந்திருக்கிறது; ஆயிலை மாற்றி அதைச் சரிசெய்ய முடியாது. பேடு, டிஸ்க்கைப் பார்க்க வேண்டும், கூடவே ஓட்டும் முறையையும். ஏறிய கியரிலேயே இறங்க வேண்டும் என்ற பழைய லாரிக்காரர் பாடம் காருக்கும் பொருந்தும். பிரேக் ஆயிலை இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாற்றச் சொல்லி உங்கள் பட்டறைக்காரர் வற்புறுத்தினால் அது பில்லை ஏற்றும் தந்திரம் இல்லை.

இதே மாதிரி மறைக்கக் கூடாத இன்னொன்று வண்டி சூடானது. ரேடியேட்டரில் தண்ணீர் குறைந்து, டெம்பரேச்சர் முள் சிவப்பைத் தொட்ட பிறகும் 'இன்னும் பத்து கிலோமீட்டர்தானே' என்று ஓட்டி வந்திருப்பார்கள். வழியில் தோட்டத்து போர் தண்ணீரை ஊற்றியிருப்பார்கள். பட்டறையில் கேட்டால் "அப்படியெல்லாம் ஒண்ணுமில்லைங்க" என்பார்கள். நம் பகுதியில் பல போர்களின் தண்ணீர் கடினமான உப்புத் தண்ணீர். சூடான உலோகத்தில் பட்டதும் சுண்ணாம்பாகப் படிந்து ரேடியேட்டரின் மெல்லிய குழாய்களை அடைக்கும். அடுத்த முறை சூடாவதற்கு அதுவே காரணமாகும். உண்மையைச் சொன்னால் மெக்கானிக் முதலில் ரேடியேட்டரைச் சுத்தம் செய்து, தெர்மோஸ்டாட்டையும் ஃபேனையும் சோதித்து, கூலண்டையும் டிஸ்டில்டு வாட்டரையும் பாதிக்குப் பாதி கலந்து நிரப்புவார். மிகவும் சூடான வண்டி என்று தெரிந்தால் இன்ஜினின் மேல்மூடியான சிலிண்டர் ஹெட் வளைந்திருக்கிறதா என்றும் பார்ப்பார். நேர்விளிம்புச் சட்டத்தை ஹெட் மேல் வைத்து அடியில் ஃபீலர் கேஜ் என்ற மெல்லிய அளவுத் தகட்டை நுழைத்துப் பார்க்கும் வேலை அது. பல சிறிய கார்களில் 0.05 மில்லிமீட்டர்தான் வரம்பு. அதற்குமேல் போனால் லேத்துக்குக் கொடுத்துப் பரப்பைச் சமன் செய்ய வேண்டும். நல்ல லேத்துக்கு நம் ஊரில் பஞ்சமில்லை. ஆனால் சூடான கதையை மறைத்துவிட்டு ஹெட்டுக்கு அடியிலிருக்கும் கேஸ்கெட்டை மட்டும் மாற்றிக்கொண்டு போனால் இரண்டு மாதத்தில் ஹெட்டைத் திரும்பக் கழற்ற வேண்டி வரும். அப்போது லேபர் யார் தலையில் விழும் என்பதில்தான் உறவு முறிகிறது. எலி வயரைக் கடித்தது, மழைத் தண்ணீரில் வண்டி நின்றது, வேறு ஒருவர் ஏற்கெனவே கழற்றிப் பார்த்தது, இவையும் இந்தக் கணக்கில்தான் சேரும்.

இனி எஸ்டிமேட். வாயால் சொன்ன தொகை இருவருக்கும் வேறு வேறாக ஞாபகம் இருக்கும். ஜாப் கார்டு (வேலைச் சீட்டு) போடும் பட்டறை என்றால் அதில் கிலோமீட்டர், நீங்கள் சொன்ன புகார், உத்தேசத் தொகை மூன்றும் இருக்கிறதா பார்த்துக் கையெழுத்துப் போடுங்கள். சிறிய பட்டறை என்றால் வாட்ஸ்அப்பில் இரண்டு வரி போதும். முக்கியமானது, கழற்றிய பின் புதிதாக ஏதாவது தெரிந்தால் போன் வர வேண்டும், அந்தப் போனை நீங்கள் எடுக்க வேண்டும். நல்ல போன் இப்படி இருக்கும்:

"அண்ணா, வீல கழட்டிப் பாத்தாச்சுங்க. பேடு ரெண்டு மில்லிதான் இருக்குதுங்க. டிஸ்க்கும் தேஞ்சு ஓரத்துல வரப்பு கட்டியிருச்சுங்க. பேடு மட்டும் போட்டா ஓடும், ஆனா சத்தம் வருமுங்க. போட்டோ அனுப்பியிருக்கறன், பாத்துட்டுச் சொல்லுங்க."

"டிஸ்க் கனம் அளந்தீங்களா தம்பி?"

"அளந்தனுங்க. அதுல பொறிச்சிருக்கற அளவுக்கும் கீழ போயிருச்சுங்க."

இவ்வளவுதான். டிஸ்க்கிலேயே குறைந்தபட்சக் கனம் பொறித்திருப்பார்கள். அதற்குக் கீழே போனதை மாற்றத்தான் வேண்டும். அந்த ஒரு கேள்வியைக் கேட்கிற வாடிக்கையாளரிடம் தேவையில்லாத சாமானைப் போட யாரும் துணிய மாட்டார்கள். நீங்கள் மூன்று மணி நேரம் போனை எடுக்காவிட்டால் என்னவாகும்? வண்டி லிஃப்டில் தொங்கும், அடுத்த வண்டி வெளியே நிற்கும். பட்டறைக்கு லிஃப்ட் இடம்தான் வருமானம். உடனே 'செய்யுங்க' அல்லது 'வேண்டாம்' என்று சொல்கிறவரின் வண்டியை அடுத்த முறை முதலில் ஏற்றுவார்கள், இது எழுதாத விதி.

சாமான் விஷயத்தில் கம்பெனி சாமானா, அதே தரத்தில் வேறு பிராண்டா, லோக்கலா என்று எஸ்டிமேட்டிலேயே எழுதச் சொல்லுங்கள். ஏர் ஃபில்டர், வைப்பர் போன்றவற்றில் நல்ல வெளிப் பிராண்டு போதும். டைமிங் பெல்ட், பிரேக், ஸ்டீயரிங் சாமானில் சிக்கனம் வேண்டாம். ஆன்லைனில் விலை குறைவு என்று நீங்களே வாங்கி வந்தால், அது பொருந்தாமல் போனாலோ சீக்கிரம் கெட்டாலோ லேபரைத் திரும்பக் கேட்பது நியாயமில்லை. மாற்றிய பழைய சாமானை டிக்கியில் போட்டு வைக்கச் சொல்லுங்கள். இதைச் சந்தேகமாகச் சொல்ல வேண்டாம், வண்டியை விடும்போதே வழக்கம் போலச் சொல்லிவிட்டால் யாரும் தப்பாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள்.

சில வேலைகளில் மெக்கானிக் கேட்காததையும் சேர்த்து மாற்றச் சொல்வார். கிளட்ச் பிளேட் தேய்ந்தால் பிரஷர் பிளேட், ரிலீஸ் பேரிங் இரண்டையும் சேர்த்தே மாற்றுவது முறை. கியர்பாக்ஸை இறக்குவதுதான் அந்த வேலையில் பாதிச் செலவு. பேரிங்கை மிச்சம் பிடித்து ஆறு மாதத்தில் திரும்ப இறக்கினால் யாருக்கு நட்டம்? டைமிங் பெல்ட்டோடு அதை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷனரும், அந்த பெல்ட்டிலேயே வாட்டர் பம்ப் ஓடும் வண்டியென்றால் பம்பும் அப்படித்தான். ஆனால் இன்ஜெக்டர் கிளீனிங், இன்ஜின் ஃப்ளஷ், அண்டர்பாடி கோட்டிங் என்று ஒவ்வொரு சர்வீஸிலும் பட்டியல் நீண்டால் காரணம் கேளுங்கள். காரணம் சொல்ல முடியாத வேலை பெரும்பாலும் தேவையில்லாத வேலை.

வண்டியில் பதிவான கோளாறு எண்ணைப் படித்துக் காட்டும் ஸ்கேனரைப் பற்றியும் ஒரு வார்த்தை. அதில் பி0171 என்று கோளாறு எண் வந்தால் காற்று அதிகம், பெட்ரோல் குறைவு என்று மட்டும்தான் பொருள். ஹோஸில் வெடிப்பாக இருக்கலாம், பெட்ரோல் பம்ப் அழுத்தம் குறைந்திருக்கலாம், ஏர் சென்சார் அழுக்காக இருக்கலாம். அந்த எண்ணைப் பார்த்த உடனே சென்சாரை மாற்றச் சொல்கிறவரைவிட, ஒரு மணி நேரம் சோதித்துவிட்டு அதற்குக் கூலி கேட்கிறவரை நம்பலாம். "சும்மா பாத்ததுக்கு எதுக்குங்க காசு" என்று பேரம் பேசாதீர்கள். பார்ப்பதுதான் அந்தத் தொழிலின் கடினமான பகுதி. பார்ப்பதற்குக் கூலி கிடைக்காத பட்டறை சாமான் லாபத்தில்தான் பிழைக்க வேண்டும்.

பணம் கொடுக்கும்போது சாமானும் லேபரும் தனித்தனியாக உள்ள பில் வாங்குங்கள். 2025 செப்டம்பர் 22 முதல் உதிரி பாகங்களுக்கு ஜிஎஸ்டி 18 சதவீதம்; பழுதுபார்க்கும் கூலிக்கும் அதே 18. ஜிஎஸ்டி பதிவு இல்லாத சிறு பட்டறைக்காரர் வரி வசூலிக்கக் கூடாது, ஆனால் தேதியும் கிலோமீட்டரும் போட்டு சாதா பில் கொடுக்கலாம். பில் இல்லாமல் வரியை மிச்சம் பிடித்தால் பின்னால் கேட்க ஆதாரம் இருக்காது. தகராறு முற்றினால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அதற்கும் மேல் மாவட்ட நுகர்வோர் ஆணையம், அங்கே இரண்டு வருடத்துக்குள் புகார் கொடுக்க வேண்டும். மறுபக்கமும் தெரிந்திருக்கட்டும்: செய்த வேலைக்கான கூலி கைக்கு வரும்வரை வண்டியைப் பிடித்து வைக்க 1872ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின் 170ஆவது பிரிவு பட்டறைக்காரருக்கு உரிமை தருகிறது.

கார்த்திகை பிறந்து சபரிமலை சீசன் தொடங்கும்போதும், தைப்பூசத்துக்கு முந்தின வாரமும், ஆயுத பூஜைக்கு முன்பும் பட்டறையில் நிற்க இடமிருக்காது. மலைக்குப் போகிறவர்கள் முந்தின நாள் இரவு வண்டியைக் கொண்டுவந்து நிறுத்துவார்கள். பயணத்துக்குப் பத்து நாள் முன்பு விட்டால் நிதானமாகப் பார்க்கலாம், சாமான் வரக் காத்திருக்கலாம், மாற்றியதை ஓட்டிப் பார்த்துக் குறையிருந்தால் திரும்பக் காட்டவும் நாள் இருக்கும்.

ஊர் மாறியோ மனம் கசந்தோ வேறு பட்டறைக்குப் போக நேர்ந்தால் பழைய பில்களை ஒரு ஃபைலில் போட்டு எடுத்துப் போங்கள். பழைய ஆள் செய்த அநியாயத்தை அரை மணி நேரம் விவரிக்க வேண்டாம். டைமிங் பெல்ட், கிளட்ச், பிரேக் ஆயில், கூலண்ட் எந்தக் கிலோமீட்டரில் மாற்றியது, என்ன கிரேடு இன்ஜின் ஆயில் ஊற்றியிருக்கிறது என்பதை முதலில் சொல்லுங்கள். புது மெக்கானிக் எங்கிருந்து பார்க்க ஆரம்பிக்க வேண்டும் என்பதை அதை வைத்தே முடிவு செய்துகொள்வார்.