கரையில் உறுமும் இன்ஜினை நம்பிப் பணம் கொடுக்காதீர்கள்

உவரிக்கும் கூத்தன்குழிக்கும் இடைப்பட்ட கடற்கரையில் 22 ஆண்டுகளாக, படகின் பின்பக்கம் வெளியே மாட்டுகிற அவுட்போர்டு இன்ஜின்களைப் பழுது பார்த்து வருகிறேன். தேய்மானத்தால் வருகிற பழுதுகள் எனக்குப் பெரிய கவலை தருவதில்லை. உழைத்த இன்ஜின் தேயத்தான் செய்யும். "வாங்கி ஒரு வாரம்கூட ஆகவில்லை அண்ணாச்சி" என்று சொல்லிக்கொண்டு தோளில் தூக்கி வருகிறார்களே, அந்த இன்ஜின்கள்தான் மனதைப் பிசைகின்றன. அப்படி வருகிற பெரும்பாலான வீடுகளில் மனைவியின் நகை அடகுக்கடையில் இருக்கும். தவணை தொடங்கியிருக்கும், இன்ஜின் ஓடாது.

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாட்கள் விசைப்படகுகளுக்குத் தடைக்காலம். நம்முடைய ஃபைபர் படகுகளுக்கு அந்தத் தடை இல்லை. பெரிய படகுகள் நிற்கிற நாட்களில் மீனுக்கு நல்ல விலை கிடைக்கும் என்ற கணக்கில், பங்குனி மாதத்தில் பழைய படகு வாங்க ஓடுகிறார்கள். அந்த அவசரத்தை விற்பவரும் அறிவார்.

சென்ற ஆண்டு பங்குனியில் ஒரு தம்பி வந்தான். வளைகுடா நாட்டில் ஏழு ஆண்டுகள் பிறர் படகில் கூலிக்கு உழைத்துவிட்டு, இனி சொந்தப் படகு என்று ஊர் திரும்பியவன். வேறொரு கடற்கரை ஊரில் ஃபைபர் படகையும், பெட்ரோலில் எண்ணெய் கலந்து ஓட்டுகிற இரண்டு சிலிண்டர் டூ-ஸ்ட்ரோக் இன்ஜினையும் சேர்த்து வாங்கியிருந்தான். விற்றவர் இன்ஜினைத் தண்ணீர் டிரம்மில் இறக்கி வைத்து, ஒரே இழுப்பில் ஓடவிட்டுக் காட்டியிருக்கிறார். மூடிக்குப் புதுப் பெயிண்ட். சத்தமும் நன்றாக இருந்ததாம். நான்காம் நாள், கூடங்குளத்தின் கும்மட்டங்கள் சிறிதாகத் தெரிகிற தொலைவில் இன்ஜின் நின்றுவிட்டது. நம் கரை தென்கிழக்கைப் பார்த்தது. மேற்குக் காற்று வீசினால் செயலிழந்த படகு கரைக்கு வராது, கடலுக்குள்தான் போகும். படகில் நான்கு பேர். நல்ல வேளையாக, வலையை இழுத்து ஏற்றிக்கொண்டு திரும்பிய இன்னொரு படகு கயிறு கொடுத்து இழுத்து வந்தது.

மறுநாள் காலையில் அந்த இன்ஜினைப் பட்டறையில் பிரித்தேன். முதலில் கியர் பெட்டியின் கீழ்த்திருகைக் கழற்றினேன். வடிந்த எண்ணெய் டீக்கடைப் பால் டீயின் நிறத்தில் இருந்தது. அந்த நிறம் என்றால் உள்ளே கடல்நீர் புகுந்து பற்சக்கரங்களோடு அரைபட்டிருக்கிறது என்று பொருள். எப்படிப் புகுந்தது? புரொப்பல்லரைக் கழற்றியதும் விடை தெரிந்தது. தண்டின் மேல் ஒரு சாண் தங்கூசி, கம்பிபோல் இறுகச் சுற்றிக் கிடந்தது. நைலான் இழை சுற்றச் சுற்ற, தண்டைச் சுற்றி நீர் புகாமல் தடுக்கும் 'சீல்' என்ற ரப்பர் வளையத்தை அறுத்துவிடும். பிறகு தண்ணீருக்குத் தடையே இல்லை.

அடுத்து இன்ஜினுக்குக் குளிர்நீர் ஏற்றுகிற பம்பைத் திறந்தேன். உள்ளே நீரைத் தள்ளுகிற ரப்பர் இதழ்ச் சக்கரமான இம்பெல்லர் புத்தம் புதியது. அப்படியிருந்தும் இன்ஜின் ஏன் கொதித்து நின்றது? சிலிண்டர் தலையைத் திறந்து நீர் செல்லும் வழியைக் கம்பியால் துழாவினேன். கறுப்பு ரப்பர்த் துண்டு ஒன்று வந்தது. இன்னும் துழாவினேன். இரண்டாவது, மூன்றாவது. முந்தைய இம்பெல்லரின் ஒடிந்த இதழ்கள் அவை. புதிய இம்பெல்லர் போட்டவர், பழையதில் எத்தனை இதழ்கள் குறைகின்றன என்று எண்ணிப் பார்த்து, அத்தனையையும் தேடி எடுத்திருக்க வேண்டும். செய்யவில்லை. அந்தத் துண்டுகள் வழியை அடைத்துக்கொண்டிருந்தும், டிரம்மில் சுமையில்லாமல் இரண்டு நிமிடம் ஓடும்போது ஒன்றும் தெரியவில்லை. வலையும் ஆளும் ஏற்றி முழு வேகத்தில் அரைமணி நேரம் ஓடியபோதுதான் சூடு ஏறி, பிஸ்டன் இறுகியிருக்கிறது. அந்தச் சிறு ரப்பர்த் துண்டுகளை உள்ளங்கையில் வைத்துக் காட்டினேன். தம்பி நெடுநேரம் பேசவில்லை.

மேலப்பாளையம் சந்தையில் மாடு வாங்குகிறவர் சுழி பார்ப்பார், பல்லைப் பிடித்துப் பார்ப்பார், நாலடி நடக்கவிட்டும் பார்ப்பார். மாட்டைவிட எத்தனையோ மடங்கு விலை கொடுத்து, நான்கு உயிர்களை நம்பி ஏற்றப் போகிற இன்ஜினை மூடியைக்கூடத் திறக்காமல் வாங்கலாமா?

நான் எல்லோரிடமும் முதலில் சொல்வது ஒன்றுதான். குளிர்ந்து கிடக்கிற இன்ஜினைப் பாருங்கள். நீங்கள் வரும் முன்பே ஓட்டிச் சூடேற்றி வைத்திருந்தால், அன்றைக்குப் பார்க்க வேண்டாம். மறுநாள் விடியற்காலையில் சொல்லாமல் போய் நில்லுங்கள். தேய்ந்த இன்ஜினும் சூடாக இருக்கும்போது எளிதாக ஓடிவிடும். இரவெல்லாம் குளிர்ந்து கிடந்த பிறகு எத்தனை இழுப்பில் உயிர் வருகிறது என்பதில்தான் அதன் உண்மை தெரியும். இன்னொரு காரணமும் உண்டு. தண்ணீர் எண்ணெயைவிடக் கனமானது. இன்ஜின் நிமிர்ந்தபடி அசையாமல் கிடந்தால், கியர் பெட்டிக்குள் புகுந்த நீரில் ஒரு பகுதி பிரிந்து அடியில் தங்கும். கீழ்த்திருகை லேசாகத் தளர்த்தினால் எண்ணெய்க்கு முன்னால் நீர்த்துளி எட்டிப் பார்க்கும். திருகின் முனையில் காந்தம் இருந்தால் அதையும் பாருங்கள். மாவுபோல ஒட்டியிருக்கும் இரும்புத் துகள் இயல்பானது. ஊசிபோல, செதில்போல இருந்தால் பற்சக்கரம் உடைந்துகொண்டிருக்கிறது. இதைச் செய்ய ஒரு ஸ்க்ரூடிரைவரும் ஒரு சிறு கிண்ணமும் போதும். இதற்கு மறுக்கிறவரிடம் வாங்காதீர்கள்.

சிலிண்டருக்குள் எழும் அழுத்தத்தை அளக்கிற கம்ப்ரஷன் மானி எங்கள் பட்டறைகளில் இருக்கிறது. இரண்டு பிளக்குகளையும் கழற்றி, தீப்பொறி வயர்களைத் தரையிணைப்பு செய்து, த்ராட்டிலை முழுதும் திறந்து வைத்துக் கயிற்றை இழுத்துப் பார்க்க வேண்டும். எண் எவ்வளவு என்பதைவிட, சிலிண்டர்களுக்கு இடையிலான வேறுபாட்டைத்தான் நான் முதலில் கவனிப்பேன். 10 சதவீதத்தைத் தாண்டினால் ஒன்றில் ரிங்கோ பிஸ்டனோ கெட்டிருக்கலாம். கழற்றிய பிளக்குகளை ஒன்றோடொன்று ஒப்பிடுங்கள். ஒன்று பழுப்பாகவும் மற்றொன்று கழுவிவிட்டதுபோல் பளிச்சென்றும் இருந்தால், அந்தச் சிலிண்டருக்குள் தண்ணீர் போகிறதா என்று சந்தேகப்பட வேண்டும்.

நம் கரைக்கே உரிய ஓர் ஆபத்து இருக்கிறது. இங்கே பல ஊர்களில் துறைமுகம் இல்லை, அலையை வெட்டித்தான் படகை இறக்கவும் ஏற்றவும் வேண்டும். ஆனி, ஆடியில் அலை மடங்கிப் படகைக் கவிழ்த்தால் இன்ஜின் உப்புநீரில் முழுகும். முழுகிய இன்ஜினை அன்றைக்கே நன்னீரால் கழுவி, பிளக்கைக் கழற்றி நீரை வெளியேற்றி, எண்ணெய் ஊற்றி ஓடவிட்டால் காப்பாற்றிவிடலாம். உடனே முடியாது என்றால், வெயிலில் காயவிடாமல் நன்னீர்த் தொட்டியில் முழுக வைப்பது மேல். உப்புநீர் பட்ட உலோகம் காற்று பட்டதும்தான் விரைந்து அரிக்கத் தொடங்குகிறது. இது தெரியாமல் இரண்டு நாள் மணலில் போட்டுவிட்டு, மேலே துடைத்து விற்றுவிடுகிறவர்கள் இருக்கிறார்கள். கண்டுபிடிக்க வழி உண்டு. கயிறு சுற்றியிருக்கும் மேல்மூடியின் போல்டுகளைக் கழற்றித் தூக்குங்கள். ஃபிளைவீலின் அடியில், காந்தச் சுருள்களின் திருகுகளில் வெள்ளைப் பொடியும் செந்துருவும் மணல் துகளும் தெரிந்தால் அந்த இன்ஜின் முழுகி எழுந்தது. வெளியே எத்தனை பெயிண்ட் அடித்தாலும் அங்கே யாரும் அடிப்பதில்லை.

இவ்வளவும் சரியாக இருந்தால் கடலுக்கு இறக்குங்கள். டிரம் வேண்டாம். மூன்று நான்கு பேர் ஏறி, முக்கால் மணி நேரமாவது ஓட்டுங்கள். பக்கவாட்டுத் துளையிலிருந்து பீய்ச்சும் குளிர்நீர் தொடர்ந்து வருகிறதா, விட்டு விட்டு வருகிறதா என்று ஒருவர் கண்ணை எடுக்காமல் பார்க்க வேண்டும். முழு வேகம் கொடுக்கும்போது இன்ஜின் வீறிட்டுச் சுழன்றும் படகு நகரவில்லை என்றால், புரொப்பல்லரின் நடுவிலுள்ள ரப்பர் புஷ் வழுக்குகிறது. டிரம்மில் இது தெரியவே தெரியாது.

படகைப் பற்றியும் சொல்ல வேண்டும். இன்ஜின் மீதே எல்லாக் கண்ணும் இருப்பதால், அது தொங்குகிற பின்பலகையை யாரும் பார்ப்பதில்லை. பல படகுகளில் ஃபைபர் பூச்சுக்கு உள்ளே பிளைவுட் வைத்திருப்பார்கள். இன்ஜினைப் பிடித்திருக்கும் போல்டுத் துளை வழியாக நீர் இறங்கி, வெளியே தெரியாமலே அது உளுத்துப்போகும். சுத்தியலின் கைப்பிடியால் ஓரத்திலிருந்து ஓரம் வரை தட்டிப் பாருங்கள். கணீரென்று வந்துகொண்டிருந்த ஓசை ஓரிடத்தில் மந்தமானால் அங்கே மரம் இல்லை. சந்தேகம் தீரவில்லை என்றால் ஒரு போல்டைக் கழற்றுங்கள். ஒருமுறை பெருமணல் ஊரில் ஒரு படகில் அப்படிக் கழற்றியபோது, துளையிலிருந்து கரும்பழுப்பு நீர் கோடாக வழிந்தது. விரலை விட்டேன், ஈரமான மரத்தூள் நகத்தில் ஒட்டிக்கொண்டது. அந்தப் பலகையில்தான் 40 குதிரைத்திறன் இன்ஜினை மாட்டுவதாக இருந்தார்கள். அடிப்பக்கத்தில் மணலில் இழுத்து இழுத்துத் தேய்ந்த இடங்களையும் தடவிப் பாருங்கள். மிதப்புக்காக நுரை அடைத்த அறைகளில் நீர் கோத்திருந்தால் படகு அளவுக்கு மீறிக் கனக்கும். வழக்கமாகத் தூக்குகிற ஆட்களுக்கு அது உடனே தெரிந்துவிடும்.

எரிபொருள் பற்றிச் சுருக்கமாக. இப்போது பங்கில் கிடைக்கும் பெட்ரோலில் எத்தனால் 20 சதவீதம் வரை கலந்திருக்கிறது. எத்தனால் ஈரத்தை உறிஞ்சும். கடற்கரைக் காற்றில் மாதக்கணக்கில் கிடந்த டேங்கில் தண்ணீர் பிரிந்து அடியில் தங்கும். பழைய படகோடு வரும் எரிபொருளைக் கண்ணாடிப் பாட்டிலில் ஊற்றி வைத்துப் பாருங்கள். இரண்டு அடுக்காகப் பிரிந்தால் கொட்டிவிடுங்கள், டேங்கைக் கழுவுங்கள், விறைத்துப்போன குழாயை மாற்றுங்கள். புதிதாகக் கலக்கும்போது எண்ணெய் அளவை இன்ஜினின் கையேட்டில் பாருங்கள். 50-க்கு 1 என்றால் 10 லிட்டருக்கு 200 மில்லி. கண் மதிப்பில் ஊற்றிப் பிஸ்டனை இறுக்கியவர்கள் பலர்.

காகிதங்களில் கவனக்குறைவு வேண்டாம். இன்ஜின் பிராக்கெட்டில் உள்ள தகட்டு எண்ணும் பில்லில் உள்ள எண்ணும் ஒன்றா? படகின் பதிவுச் சான்றும் மீன்பிடி உரிமமும் விற்பவர் பெயரில்தான் இருக்கின்றனவா? முழுப் பணமும் கொடுப்பதற்கு முன்பே மீன்வளத்துறை உதவி இயக்குநர் அலுவலகத்தில் பெயர் மாற்றத்துக்கு இருவரும் சேர்ந்து விண்ணப்பியுங்கள். பெயர் மாறாத படகு விபத்தில் சிக்கினால், நிவாரணமும் காப்பீடும் கேட்கப் போகிற குடும்பம் அலைக்கழியும். அதை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

எவ்வளவு பார்த்து வாங்கினாலும் பழைய இன்ஜின் ஏதாவது ஒன்றைக் காட்டத்தான் செய்யும். அதனால் கையிலிருக்கும் பணம் முழுவதையும் விலையாகக் கொடுக்காதீர்கள். ஐந்தில் ஒரு பங்கு ஒதுக்கி வையுங்கள். வாங்கிய வாரத்திலேயே இம்பெல்லர், கியர் எண்ணெய், சீல்கள், பிளக்குகள், உலோகத்தை அரிப்பிலிருந்து காக்கும் துத்தநாகக் கட்டி ஆகியவற்றை மாற்றிவிடுங்கள். கடலில் நின்றுவிட்டால் முதலில் நங்கூரத்தைப் போடுங்கள், பிறகு மூடியைத் திறவுங்கள். பதற்றத்தில் எல்லோரும் மாற்றித்தான் செய்கிறார்கள், அதற்குள் படகு வெகுதூரம் போய்விடுகிறது. பிளக்கும் அதன் ஸ்பேனரும், மாற்றுக் கயிறும், துடுப்பும், ஆளுக்கொரு உயிர்காப்பு உடையும் படகிலேயே இருக்கட்டும். கடலோரக் காவல்படைக்கு 1554, கடலோரப் பாதுகாப்புக் குழுமத்துக்கு 1093. இரண்டையும் செல்போனில் மட்டும் வைக்காமல் படகின் உட்பக்கத்தில் பெயிண்டால் எழுதுங்கள்.

அந்தத் தம்பியின் இன்ஜினுக்கு ஒரு பிஸ்டனும் ரிங்குகளும் சீல்களும் புதிதாகப் போட்டு, சிலிண்டர் தலையைச் சமன்படுத்தி ஓடவைத்தோம். செலவு இன்ஜின் விலையில் பாதியை நெருங்கியது. இப்போது மாதம் ஒருமுறை கியர் எண்ணெயில் கொஞ்சம் சிறு பாட்டிலில் பிடித்து வந்து வெளிச்சத்தில் தூக்கிக் காட்டிவிட்டுப் போகிறான். போன வாரம் தன் மைத்துனனையும் அழைத்து வந்திருந்தான். கூட்டப்பனையில் ஒரு படகு விலைக்கு வருகிறதாம். சனிக்கிழமை விடியற்காலையில் மூவரும் போகிறோம். நாங்கள் வந்து சேரும் வரை இன்ஜினை யாரும் தொட வேண்டாம் என்று சொல்லி அனுப்பியிருக்கிறேன்.